அப்பா மறுத்த ஒரு வருடம்

தொலைபேசியில் பேசுவதற்காக அப்பா சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார்.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கோச் சனிக்கிழமை காலை சிட்னியில் எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டுக்குப் போன் எடுப்பார் என்று சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். அப்பா முகம் வழித்து, பவுடர் போட்டு, கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டை அம்மாவைக் கொண்டு அயர்ன் பண்ணுவித்து, போனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ உங்களைப் பாக்கமாட்டா அப்பா. இது போன்" என்றேன்.

"தெரியும் பிள்ளை. மரியாதையான ஆளோட மரியாதையா இருந்து கதைக்க வேணும்."

குசினி வாசலில் அம்மா ஈரக் கையோடு நின்றார். வீடெல்லாம் அயர்ன் சூட்டு மணமும் தாளித்த வெங்காய மணமும். எனக்குப் பதினேழு வயது. போன் அடித்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே தவிர, எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதிய மழைக்கோட்டுக் கதையில் போகிற போக்கில் "நான் அமெரிக்கா போக இருந்த காலம்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும். கோயிலில் ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார், பலசரக்குக் கடையில் ஒரு அங்கிள் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, அமெரிக்காவோ? பிறகேன் போகேல்லை?" நின்ற நிலையில் சொல்லக்கூடிய கதையா இது? ஆகவே இந்தக் கிழமை இருந்து சொல்கிறேன்.

கட்டிலுக்கு வெளியே கால்

நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. எங்கள் சாதிசனத்தில் ஒருத்தரும் இந்த உயரமில்லை. அம்மாவுக்கு இது பெரிய கவலை. "உவளுக்கு எங்க போய் மாப்பிள்ளை தேடுறது" என்று என் காது கேட்கவே சொல்வார். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் காலுக்குப் போர்வையை இழுத்துவிடுவதும் அவர்தான்.

உயரத்தை வைத்து என்ன செய்யலாம் என்று எனக்குச் சொன்னவர் டெபி. பகலில் பல் வைத்தியரிடம் வேலை, பின்னேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துக் கோச். கடையில் மேல் தட்டிலிருந்து கோதுமை மாப் பைக்கற்றை எட்டி எடுத்த என்னைப் பார்த்து, "நீ எந்தக் கிளப்?" என்று கேட்டார். நான் எந்தக் கிளப்பும் இல்லை. அடுத்த கிழமை டெபியின் கிளப்.

விளையாட்டு என்றால் அப்பாவுக்குக் கிரிக்கெட். பள்ளிக்கூடக் காலத்தில் விக்கெட் காப்பாளர். அந்தக் கதை வராத விருந்து எங்கள் வீட்டில் நடந்ததில்லை. கூடைப்பந்து அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் என்னை மறித்ததில்லை. பரமட்டாப் பக்கத்து உள்ளரங்குக்குப் பயிற்சிக்கும் மட்ச்சுக்கும் அவரே கொண்டுபோய் இறக்கி, அவரே கூட்டிக்கொண்டு வருவார்.

உள்ளே மட்டும் வரமாட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையள் அரைக்காற்சட்டையோட ஓடுற இடத்தில ஒரு தேப்பன் என்னெண்டு போய் இருக்கிறது? நீ போ, நான் வெளியில நிக்கிறன்." அவரைப் பொறுத்தவரை அது என் விளையாட்டுக்குக் கொடுத்த மரியாதை. மழையோ வெயிலோ, கார் தரிப்பிடத்தில் எங்கள் பழைய கொரோலாவுக்குள் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். நான் வியர்வையோடு வந்து ஏறியதும் கேட்பது ஒரே கேள்விதான். "வெண்டனீங்களோ?" வென்றோம் என்றால் ஒரு மில்க் சேக். தோற்றோம் என்றாலும் அதே மில்க் சேக்.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் என்று யாராவது நினைத்தால், ஓம், கோபம்தான். ஆனால் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மெல்பேர்ணில் மாநில அணிகளுக்கான இளையோர் போட்டி வந்தபோது துணைக்கு வந்தவர் அம்மா. வந்தவர் சும்மா வரவில்லை. முதல் மட்ச்சுக்கு முன்னர் என்னைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு இழுத்துக்கொண்டுபோய் அர்ச்சனை செய்வித்தார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்க, அம்மா இரண்டையும் சொல்லிவிட்டு, "ஐயா, பந்து கூடைக்குள்ள விழவேணும்" என்று சேர்த்துச் சொன்னார். ஐயர் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். பந்து விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அங்கேதான் கரோல் என்ற அந்த அமெரிக்கக் கோச் என்னைக் கண்டார்.

பிள்ளையைப் பிடித்து மறிக்கிற ஊர்

இனிக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த இடம் விளங்காவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

அமெரிக்காவில் பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பிள்ளையை அதன் வயதை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. எந்த வருடம் பள்ளிக்கூடத்தை முடிக்கிறது என்பதே கணக்கு. "இன்ன வருடத்துப் பிள்ளை" என்றுதான் கோச்மார் பேசிக்கொள்வார்கள். சில பிள்ளைகள் அவசரமாகப் படித்து ஒரு வருடம் முன்னதாகவே முடித்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே ஒரு வருடம் பின்னுக்கு நிற்பார்கள். உடம்பு தேறட்டும், உயரம் வரட்டும், நல்ல கல்லூரியில் இடம் காலியாகட்டும் என்று. தாய் தகப்பனே பள்ளிக்கூடம் போய் "எங்கள் பிள்ளையை ஒரு வருடம் மறித்து வையுங்கள்" என்று கேட்பார்களாம்.

இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பாவால் நம்ப முடியவில்லை. "தாய் தேப்பனே? விசரே அவைக்கு?"

இன்னொன்று. கரோலின் கல்லூரி விளையாடிய பிரிவில் அன்றைய விதி, எனக்குச் சொல்லப்பட்டபடி, இதுதான். பள்ளிக்கூடம் முடியும்வரை எத்தனை மட்ச் விளையாடினாலும் கேள்வியில்லை. முடித்த பிறகு கல்லூரிக்குப் போகாமல் நின்று ஏதாவது அணிக்கு விளையாடினால், அதைக் கல்லூரியில் விளையாடக்கூடிய காலத்திலிருந்து கழித்துவிடுவார்கள். போதாததற்கு, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தும் முதல் வருடம் களத்தில் இறங்க முடியாது. விதிகள் பிறகு மாறிவிட்டன என்று கேள்வி. தயவுசெய்து என் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் வகுப்பை மாற்றாதீர்கள், பிறகு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

"பெயிலே?"

கடைசியில் போனை எடுத்தவர் அம்மா. எடுத்த வேகத்தில் எனக்குத் தந்துவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் கரோலின் வேகமும் அமெரிக்க உச்சரிப்பும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன்.

"நான் அவவுக்கு வேணுமாம். வாற வருசம் இடமில்லையாம். அதுக்கடுத்த வருசம் ரெண்டு உயரமான பிள்ளையள் படிச்சு முடிச்சுப் போகினமாம். அப்ப வந்தால் படிப்பும் சாப்பாடும் இருப்பிடமும் அவையின்ர பொறுப்பாம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியும்.

"ஆனால் அதுவரைக்கும் நான் பள்ளிக்கூடத்தை முடிக்காமல் இருக்க வேணுமாம்."

"முடிக்காமல் எண்டால்?"

"பன்னிரண்டாம் வகுப்பை ரெண்டு வருசமாப் படிக்கிறது. பாதிப் பாடம் இந்த வருசம், மிச்சம் வாற வருசம். ஸ்கூல்ல விடுவினம் அப்பா, நான் கேட்டனான்."

"பெயிலே?"

"இல்லையப்பா."

"உன்ர வகுப்புப் பிள்ளையள்?"

"அவை முடிச்சுப் போயிடுவினம்."

"நீ மட்டும் நிப்பாய். கீழ் வகுப்புப் பிள்ளையளோட."

"ஓம் அப்பா."

அப்பா போனைப் பார்த்து, தன் மிகச் சிறந்த ஆங்கிலத்தில், "மேடம், என் மகள் ஒருநாளும் ஒரு வகுப்பில் இரண்டு தரம் இருந்ததில்லை" என்றார். கரோல் பொறுமையான பெண். "சேர், இது தோல்வி இல்லை. ஒரு வருடம் வெளியில் இருந்துவிட்டு உள்ளே வருகிறாள், அவ்வளவுதான்" என்றார். அதையும் நான் தமிழில் சொன்னேன். அப்பா நன்றி சொல்லி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். சேர்ட்டின் மேல் பட்டனைக் கழற்றினார். யோசிக்கவெல்லாம் இல்லை.

"ஏலாது பிள்ளை."

அவருக்கு ஏன் ஏலாது என்பது எனக்கும் தெரியும். யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் மழையில் நடந்த அந்த இடப்பெயர்வில் எனக்கு ஒரு வருடப் படிப்புப் போயிற்று. பள்ளிக்கூடமே இல்லாத வருடம். சிட்னிக்கு வந்ததும் ஆங்கிலம் போதாதென்று என் வயதுக்குக் கீழ் வகுப்பில் விட்டார்கள். அப்பா டை கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பள்ளிக்கூடம் போய், வீட்டில் இரவு பகலாக எனக்குச் சொல்லிக்கொடுத்து, என்னை என் வயது வகுப்புக்கு ஏற்றுவித்தார். அன்று வீட்டில் கேசரி. அந்த வருடத்தைத் திரும்ப வாங்கியது அவர் வாழ்க்கையின் பெரிய வெற்றி.

"சண்டை எடுத்த வருசத்தை நான் கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி வாங்கினனான். அதை இப்ப நானே தூக்கிக் குடுக்கவோ? சனம் கேட்டால் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை வகுப்பேறாமல் நிக்குதெண்டோ?"

நான் சும்மா இருக்கவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். கதவை அடித்துச் சாத்தினேன். சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்துப்போனார். டெபி வீட்டுக்கு வந்தார். அப்பா அவருக்கு வடையும் தேநீரும் கொடுத்து, நெடுநேரம் கிரிக்கெட் கதைத்து, வாசல் வரை போய் வழியனுப்பி வைத்தார். "அருமையான மனுஷன்" என்றார் டெபி, காருக்குள் ஏறும்போது. "ஆனால் அசையமாட்டார், மதுரா." அவர் கண் கலங்கியிருந்தது.

செக்கன்ட் ஷை

அந்த வருடமே பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை எழுதினேன். முடித்தேன். வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்று படமும் எடுத்தேன். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

மருத்துவத்துக்குப் புள்ளி காணாது.

அதற்கு அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு துளி கலங்கவில்லை. "அதுக்கென்ன, செக்கன்ட் ஷை எடுப்பம்" என்றார். ஊரில் உயர்தரச் சோதனை ஒருமுறை சரிவராவிட்டால் இரண்டாம் முறை எடுப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் மூன்றாம் முறை. அதை எங்களில் ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. பெரிய பெரிய டொக்டர்மாரெல்லாம் செக்கன்ட் ஷையில் போனவர்கள் என்று அப்பா வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகவே சொன்னார்.

கடவுளே, இதை நான் யாரிடம் சொல்லி அழ? சோதனைக்கு முன் ஒரு வருடம் நிற்பது மானக்கேடு. சோதனை முடிந்த பின் அதே ஒரு வருடம் நிற்பது வழமை! அமெரிக்கக்காரனுக்கோ நேர்மாறு. முன்னால் நின்றால் ஒன்றுமில்லை, பின்னால் நின்றால்தான் குற்றம். இரண்டு நாட்டாருக்கும் நடுவில் என் பதினெட்டாவது வயது அகப்பட்டுக்கொண்டது.

அதே மேசை, அதே புத்தகங்கள், வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கடைக்கு மேலே அதே ரியூசன். கீழே கடையில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்துக்கு நடுவில் இரசாயனம் படித்தேன். அமெரிக்கா முடிந்த கதை என்று எல்லோரும் நினைத்தோம். கரோலிடமிருந்து ஒரு பேச்சுமில்லை. இருந்து இருந்து விசர் பிடித்ததால் டெபியின் பெரிய பெண்கள் அணியில் ஒரு சீசன் விளையாடினேன். அப்பா வழக்கம்போல் வெளியே காரில்.

அந்த வருடக் கடைசியில் கரோல் போன் எடுத்தார். வரச் சம்மதித்திருந்த ஒரு பெண் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாளாம். இடம் காலி. "இன்னும் விருப்பமா?" என்று கேட்டார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பிறகு இரண்டு கேள்வி. பள்ளிக்கூடத்தை எப்போது முடித்தாய்? அதன் பிறகு எந்த அணிக்கு விளையாடினாய்?

உள்ளதைச் சொன்னேன்.

"ஓ, செல்லம்" என்றார் கரோல். முதல் வருடம் இறங்கவே முடியாத ஒருத்திக்காக அந்த இடத்தை அவரால் வைத்திருக்க முடியாது. அது மெல்பேர்ண் பெண் ஒருத்திக்குப் போயிற்று. என்னோடு விளையாடியவள்தான், நல்லவள். பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருடமாகப் படித்தவள். அவள் தாய் தகப்பனுக்கு அதில் ஒரு வெட்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

செக்கன்ட் ஷையிலும் மருத்துவம் கிடைக்கவில்லை. நான் பிசியோதெரபி படித்தேன். பரமட்டாப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மற்றவர்களின் முழங்காலைப் பார்க்கிறேன். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இளம் பிள்ளை யாராவது கூடைப்பந்தில் கால் சுளுக்கிக்கொண்டு வந்தால், அன்று முழுக்க எனக்கு மனம் சரியாக இருக்காது.

உள்ளே ஏசி இருக்கிறது

போன கோடையில் நடந்ததோடு முடிக்கிறேன்.

இன்னமும் டெபியின் அணியில் சனிக்கிழமைகளில் விளையாடுகிறேன். பொழுதுபோக்குத்தான். இப்போது காரோட்டுவது நான். அப்பா பக்கத்துச் சீட்டில், ரேடியோ பொத்தானில் கையோடு. எல்லாம் முன்போலத்தான், அவர் தரிப்பிடத்தில் இருப்பார். அன்று வெயிலென்றால் வெயில், காற்றே நெருப்பு. அம்மாவும் வந்திருந்தார். தரிப்பிடத்தில் கார் நின்றதும் அம்மா இறங்கி அப்பாவின் பக்கக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்கோ. உதுக்குள்ள இருந்து வெந்து சாகவோ? உள்ளுக்கு ஏசி இருக்கு. வெக்கமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ."

அப்படித்தான் அப்பா முதல்தரம் உள்ளே வந்தார். கண்ணை மூடவில்லை. புள்ளிப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு பார்வையாளர் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு பந்தைக் கூடைக்குள் போட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டெபி என்னை வெளியே கூப்பிட்டு வேறொருத்தியை இறக்கினார். நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அணியின் வாங்கில் இருந்தேன்.

அப்பா எழுந்துவிட்டார். செருப்புச் சத்தத்தோடு களத்தின் ஓரமாகவே நடந்து என்னிடம் வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்ன பிழை விட்டனீ பிள்ளை? ஏன் உன்னை வெளியால விட்டவை? வா, வீட்ட போவம்."

"ஒரு பிழையும் இல்லை அப்பா. களைப்பாற இருத்தினவை. இப்ப திரும்ப இறங்குவன்."

"திரும்பவோ? வெளியில வந்த ஆளைத் திரும்ப விடுவினமோ?"

"எத்தினை தரமும் விடுவினம். இது கிரிக்கெட் இல்லை அப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, டெபி கையைக் காட்டினார். நான் இறங்கினேன். மற்றப் பக்கம் ஓடித் திரும்பிப் பார்த்தபோதும் அப்பா அதே இடத்திலேயே நின்றார். நடுவர் கைகாட்டி விலகச் சொன்ன பிறகுதான் விலகினார். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கடைசிவரை பார்த்தார். இந்த முறை பலகையைப் பார்க்கவில்லை. வெளியே வருகிறவர்களையும் உள்ளே போகிறவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் "வெண்டனீங்களோ?" என்று கேட்கவில்லை. முன்னால் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த அமெரிக்கக்காரி அண்டைக்குப் போன்ல, வெளியில இருந்திட்டு உள்ளுக்கு வாறதெண்டு சொன்னதும் உதுதானோ?"

"ஓம் அப்பா. உதுதான்."

இரண்டு சிக்னல் தாண்டினோம். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த சண்டையெல்லாம் வாய்வரை வந்துவிட்டது.

"நான் ஒருநாள் எண்டாலும் உள்ளுக்கு வந்து பாத்திருக்கலாம், என்ன பிள்ளை?" என்றார் அப்பா.

அன்று டெஸ்ட் மட்ச் நடந்துகொண்டிருந்தது. வீடு வரும்வரை அவர் ரேடியோவில் கை வைக்கவில்லை.